அவுட்லெட் எங்கே சார் கொடுக்கிறது?

சென்ற இதழில் நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் பற்றி எழுதி, பாதிப் பேரைத் தூங்க வைத்தேன் என்று சி பிளாக் நண்பர் ஒருவர் சொன்னார். இந்த முறை தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் ஒரு விதத்தில் வரவு செலவுதான்.

போன மாதம் பின்பக்க முற்றத்தில் தேங்கும் மழைநீருக்கு வழி செய்ய ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தோம். அவர் ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை உதவியாளனிடம் கொடுத்து, முற்றம், வாட்ச்மேன் அறை, கேட், தெரு என்று எல்லா இடத்திலும் மட்டம் பார்த்தார். சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். எல்லாம் முடிந்ததும் எங்களைப் பார்த்து, "பைப் போடறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. அவுட்லெட் எங்கே சார் கொடுக்கிறது?" என்றார்.

நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் நின்றிருந்தோம். மூன்று திசைகளைக் காட்டினோம். ஒருவர் தெருவைக் காட்டினார், ஒருவர் பின்பக்க மதிலைக் காட்டினார், ஒருவர் கழிவுநீர்ச் சேம்பரைக் காட்டினார். நானும் இன்னொருவரும் எதையும் காட்டவில்லை. நான் காட்டாததற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நான் படித்தது பி.காம். பொறியியல் தெரியாது. ஆனால் மேஸ்திரியின் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. இந்த ஒரு கேள்வியை மனிதர்கள் எத்தனை காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அதில் நமக்கு வேண்டியதை மட்டும் இங்கே தருகிறேன்.

மொகஞ்சதாரோவிலிருந்து தொடங்காமல் வடிகால் வரலாறு எழுத முடியாது. 1920-களில் தோண்டி எடுக்கப்பட்ட அந்த நகரம் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முந்தையது. வீட்டின் குளியலறைத் தரை செங்கல் பரப்பி, ஒரு மூலையை நோக்கி வாட்டமாக இருக்கும். அந்த மூலையிலிருந்து சுவர் வழியாகச் சுடுமண் குழாயோ செங்கல் சரிவோ தெருவுக்கு வரும். தெருவில் மூடிய செங்கல் கால்வாய். இடையிடையே சிறு தொட்டிகள், அதாவது இன்று நாம் சேம்பர் என்று சொல்லும் அதே சங்கதி. மண்ணும் கசடும் அதில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் மேலே போகும். பெருங்குளத்தின் தண்ணீரை வெளியேற்ற ஓர் ஆள் நின்று நடக்கக்கூடிய உயரத்தில் வடிகால் கட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான். என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. அந்த ஊரில் கிணறுகள் ஏராளம், 700 வரை இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அகழாய்வுப் படங்களில் சில கிணறுகள் தொழிற்சாலைப் புகைபோக்கி போல உயரமாக நிற்கின்றன. ஏன்? இடிந்த வீட்டின் மேல் வீடு, பழைய தெருவின் மேல் தெரு என்று நூற்றாண்டுக் கணக்கில் தரை மட்டம் உயர்ந்துகொண்டே போயிருக்கிறது. தரை உயர உயர, கிணற்றின் வாயையும் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். சுற்றியுள்ள மண்ணை இப்போது அகற்றியதால் கிணறு மட்டும் கோபுரமாக நிற்கிறது. கிணற்றின் வாயை உயர்த்திவிடலாம், தண்ணீரை மேலே இழுக்கப் போகிறோம். வடிகாலுக்கு அது முடியாது. தெரு உயர்ந்தால் வீட்டுத் தண்ணீர் வெளியே போகாது, தெருத் தண்ணீர் உள்ளே வரும். நம் தெருவில் நான் குடிவந்த நாளிலிருந்து எத்தனை முறை பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டைப் பார்த்தாலே தெரியும். முதலில் மூன்று படி ஏறி உள்ளே வருவோம். இப்போது இறங்கி வருகிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் உத்தரவிட்டது. நம் தெருவுக்கு அது வருவதற்கு முன்பே படிகள் போய்விட்டன.

நம் பக்கத்துக்கு வருவோம். கீழடியில் ஒன்றுக்குள் ஒன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்ததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சங்க நூல்களில் தரைக்கு அடியில் செல்லும் நீர்வழிக்குச் 'சுருங்கை' என்று பெயர். பரிபாடலில் ஒரு புலவர், சுருங்கை வழியாக மதுரையிலிருந்து நீர் பாய்ந்து வெளிவருவதைப் பார்த்து, யானை தும்பிக்கையால் நீரைப் பீச்சுவது போல என்கிறார். அவர் பார்த்ததும் பாடியதும் அவுட்லெட்டைத்தான். குழாய் ஓடும் இடமெல்லாம் மண்ணுக்கு அடியில், பார்க்க முடியாது. வாய் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு சொல் 'அங்கணம்'. திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தில் வருகிறது. முற்றம் என்றும், வீட்டுக் கழிவுநீர் விழும் இடம் என்றும் பொருள் சொல்கிறார்கள். முற்றத்துக்கும் சாக்கடைக்கும் ஒரே சொல் என்பது முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. யோசித்தால் வேடிக்கை இல்லை. வானத்துத் தண்ணீர் வீட்டுக்குள் விழும் இடமும் அதுதான், வீட்டுத் தண்ணீர் வெளியே கிளம்பும் இடமும் அதுதான்.

கும்பகோணம் பக்கத்தில் என் பாட்டி வீட்டில் அப்படி ஒரு முற்றம் இருந்தது. நான்கு பக்கத் தாழ்வார ஓட்டிலிருந்தும் தண்ணீர் அதில்தான் விழும். ஒரு மூலையில் கல்லில் குடைந்த ஓட்டை. அதற்குத் தூம்பு என்று பெயர். அது ரேழிக்கும் திண்ணைக்கும் அடியில் போய்த் தெரு ஓரத்தில் திறக்கும். கோடைக்காலத்தில் எலியும் பாம்பும் அந்த வழியாக வரக்கூடாது என்று பாட்டி தேங்காய் மட்டையால் அதை அடைத்து வைப்பார். ஐப்பசி பிறந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு வருஷம் எடுக்க மறந்துபோனது. ராத்திரி மழை. காலையில் பித்தளை அண்டா முற்றத்தில் மிதந்துகொண்டிருந்தது. தாத்தா முழங்கால் தண்ணீரில் நின்று மட்டையைப் பிடுங்கியதை நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ஆறு வயது இருக்கும். அதைப் பெரிய விளையாட்டாக நினைத்தேன்.

இந்தப் பாம்பு விஷயத்தை நினைவில் வையுங்கள். அமெரிக்காவிலும் வருகிறது.

அதற்கு முன் ரோம். அங்கே நகரத்தின் பெரிய சாக்கடைக்கு குளோயகா மாக்ஸிமா என்று பெயர், டைபர் ஆற்றில் போய் விழும். அந்த வாயை இன்றும் ஆற்றங்கரையில் பார்க்கலாம். முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி என்பவர் அதன் கட்டுமானத்தைப் புகழும்போது ஒரு விவரம் சொல்கிறார். ஆற்றில் வெள்ளம் வரும்போது ஆற்று நீர் சாக்கடைக்குள் எதிர்த்து ஏறும், உள்ளே இருந்து வரும் நீரும் வெளியே இருந்து வரும் நீரும் மோதிக்கொள்ளும், அப்படியும் கட்டுமானம் அசையவில்லை என்கிறார். கட்டுமானம் அசையவில்லை, சரி. சாக்கடையை ஒட்டித் தாழ்வான இடத்தில் குடியிருந்தவன் கதி என்ன என்று பிளினி எழுதவில்லை. புகழ்ந்து எழுதுகிறவர்கள் எப்போதும் மேட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

வடிகால் வாயை ஒரு தனிப் பிரச்சினையாக எடுத்து, சாதாரண மனிதனுக்குப் புரியும்படி எழுதியவர்கள் என்று பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க விவசாயிகளைத்தான் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ஜான்ஸ்டன் என்பவருக்கு நியூயார்க் மாநிலத்தில் ஜெனிவா என்ற ஊர் அருகே நிலம் இருந்தது. களிமண் பூமி, தண்ணீர் இறங்காது. 1835-ல் தன் சொந்த ஊரிலிருந்து சுடுமண் குழாயின் மாதிரியை வரவழைத்தார். அதைப் பார்த்து உள்ளூரிலேயே செய்யச் சொல்லி, 1838-ல் நிலத்தில் பதித்தார். மண்பாண்டத்தைக் கொண்டுபோய் மண்ணுக்குள் புதைக்கிறானே என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்களாம். அறுவடையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறகு அவர்களும் புதைத்தார்கள்.

இன்னொருவர் ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச். வக்கீல், நீதிபதி, பின்னாளில் அமெரிக்க நிதித் துறையில் உதவிச் செயலாளர். (நிதித் துறை ஆள் என்றதும் எனக்கு அவர் மீது தனி மரியாதை வந்துவிட்டது.) வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிரம்மாண்டமான சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதை வடிவமைத்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் இவருடைய மகன். அப்பா 1859-ல் விவசாய நில வடிகால் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பள்ளம் தோண்டி, ஜல்லி போட்டு நிரப்பித் தண்ணீரை வடியவிடும் முறைக்கு இன்றும் 'ஃபிரெஞ்ச் டிரெயின்' என்று பெயர். பிரான்ஸ் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இவருடைய பெயர்தான். நம் பிளம்பர்கள் பலரும் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

அவர் புத்தகத்தில் வாய்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வாயைப் பாதுகாப்பது எப்படி என்று எழுதுகிறார். வெளியிலிருந்து தண்ணீர் எதிர்த்து ஏறாமல் இருக்க வாயில் ஒரு கதவு வைப்பது எப்படி என்று எழுதுகிறார். தவளை, பாம்பு, அகழெலி உள்ளே புகாமல் கம்பி வலை வைப்பதைப் பற்றியும் எழுதுகிறார். படிக்கும்போது எனக்குப் பாட்டியின் தேங்காய் மட்டை ஞாபகம் வந்தது. ஒரு நீதிபதி, தவளைக்குக் கம்பி வலை கட்டுவதைக் கௌரவக் குறைவாக நினைக்காமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

எதிர்த்து வரும் தண்ணீருக்கு அவர் சொன்ன கதவுதான் இன்று கடையில் ஃபிளாப் வால்வ், நான் ரிட்டர்ன் வால்வ் என்ற பெயர்களில் கிடைக்கிறது. மேலே கீல் வைத்த ஒரு தட்டு, அவ்வளவுதான். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும். வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும்.

இப்போது நான் எந்தத் திசையையும் காட்டாததன் காரணத்தைச் சொல்கிறேன்.

2013-ல் நான்தான் பொருளாளர். அந்த வருஷம்தான் முற்றத்தில் முதன்முதலாகக் குழாய் பதித்து, தெருவில் அப்போது இருந்த திறந்த கால்வாயில் விட்டோம். ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டில் கடைசி வரியில் அவுட்லெட் சேம்பர், வால்வ், கம்பி வலை என்று ரூ. 38,000 போட்டிருந்தார். பணம் குறைவாக இருந்தது, பெயின்ட் அடிக்கும் வேலையும் பாக்கி இருந்தது. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களின் செலவைச் சரிபார்த்தவன் நான். 'இது ஆடம்பரம்' என்று சொல்லி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். பொதுக்குழுவில் கைதட்டினார்கள். அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது, என் இனிஷியலோடு.

2015 டிசம்பர் 1 அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவுக்குப் பிறகு கேட்டைத் தாண்டித் தண்ணீர் வந்தது. அதை 38,000 ரூபாய் வால்வ் எதுவும் தடுத்திருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் முதல் தண்ணீர் கேட் வழியாக வரவில்லை. அன்று இரவு எட்டு மணிக்கே தெருக் கால்வாய் நிரம்பி, நம் குழாய் வழியாகவே திரும்பி முற்றத்துக்குள் ஏறியது. மின்சாரம் இல்லை. தெருவில் தண்ணீர் இல்லையே என்று நாங்கள் முன்பக்கம் நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம் ஏ பிளாக் கீழ்த்தளத்தில் ஓசையில்லாமல் நுழைந்துவிட்டது. அங்கே தனியாக இருந்த மாமியைப் பத்து மணிக்கு மேல்தான் தூக்கி வந்தோம். அந்த நான்கு மணி நேரம் கிடைத்திருந்தால் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றியிருக்கலாம். மாமாவின் கடிதங்களும் பென்ஷன் காகிதங்களும் அதில் இருந்தன. மாமி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வால்வ் வரியை நான் அடித்தது அவருக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

அதன் பிறகு நாம் என்ன செய்தோம்? பயந்து, அந்தக் குழாயின் வாயில் கான்கிரீட் போட்டு அடைத்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும் நம் முற்றத்தில் நான்கு நாள் நின்றது. மாட்டிக்கொண்டது நம் சொந்த மழைதான். 2015-ல் கதவில்லாத வாய், 2023-ல் வாயே இல்லாத வயிறு.

கணக்கு ஒன்று சொல்கிறேன். நம் மனை 12 கிரவுண்ட், அதாவது 28,800 சதுர அடி, சுமார் 2,675 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நம் எல்லைக்குள் விழும் தண்ணீர் 26,750 லிட்டர். 2015 டிசம்பர் 1-2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அதே மழை நம் மேல் விழுந்திருந்தால் 13 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் 109 லாரி. கோடையில் அதற்கு எவ்வளவு கொடுத்திருப்போம் என்ற கணக்கை நான் போட விரும்பவில்லை. 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது நாம் போட்ட உறிஞ்சு குழிகள் சாதாரண மழைக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அடைமழையில் நிலத்தடி நீர் மட்டம் மேலே வந்த பிறகு அவையும் வாங்கிக்கொள்ளாது. வரவு உண்டு, செலவு இல்லை என்றால் வங்கிக்கு நல்லது. முற்றத்துக்கு நல்லதல்ல.

சரி, தெருவில் விட்டால் தெருத் தண்ணீர் எங்கே போகிறது? இதுதான் சென்னையின் இருநூறு வருஷத் தலைவலி. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 6, 7 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மேஸ்திரி நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம் கேட்கிறார். கடலிலிருந்து 12 கிலோமீட்டர் நீர்வழித் தொலைவில், 6 மீட்டர் உயரத்தில் இருக்கும் வீட்டுக்கு இரண்டாயிரம் அடிக்கு ஓர் அடிதான் கிடைக்கும். கடலும் சும்மா இருப்பதில்லை, ஓதம் ஏறும்போது ஒரு மீட்டர் அளவுக்கு உயர்கிறது. அந்த நேரத்தில் ஆற்றின் வாய் பாதி மூடிய மாதிரி.

ஊரின் மற்ற வாய்களை நாமே அடைத்தோம். துறைமுகம் கட்டும் வேலை 1875-ல் தொடங்கியது. கடற்கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அந்தச் சுவரில் முட்டித் தேங்கியது. மெரினா அகலமானது, நமக்கு மகிழ்ச்சி. அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்திலும் மேடு போடுகிறது. பக்கிங்ஹாம் கால்வாய் 1806-ல் கொக்ரேன் என்பவர் வடக்கே எண்ணூருக்குப் படகு விடத் தொடங்கியது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் வெட்டிய கால்வாய் அது. நூறு வருஷம் கழித்து அதற்குள்ளேயே தூண்களை நட்டு பறக்கும் ரயில் விட்டோம். 1997-ல் மயிலாப்பூர் வரை ரயில் வந்தபோது நானும் குடும்பத்தோடு போய் ஏறினேன். ஜன்னலிலிருந்து கீழே கால்வாய் எவ்வளவு ஒடுங்கிவிட்டது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. தி.நகர் 1920-களில் பெரிய ஏரியை வடித்து எடுத்த நிலத்தில் உருவானது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை.

நம் பக்கத்துத் தண்ணீருக்கு வழி பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்ஹாம் கால்வாயின் தென்பகுதி, கடைசியில் கோவளம் பக்கம் கடல். சதுப்பு நிலம் முன்பு இருந்ததில் சிறு பகுதிதான் மிச்சம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். நம் வளாகம் நிற்கும் மண்ணும் ஒரு காலத்தில் அந்தத் தண்ணீர் வந்து தங்கிய இடமாகவே இருக்க வேண்டும். கிணறு தோண்டியபோது வந்த கறுப்புச் சேறு அப்படித்தான் சொல்கிறது.

இப்போது மூன்று திசைகளுக்கு வருகிறேன். பொதுக்குழுவில் இவைதான் ஓட்டுக்கு வரும்.

கழிவுநீர்ச் சேம்பரில் விட்டுவிடலாம் என்பது முதல் யோசனை. லண்டனில் 1815 வரை வீட்டு மலக்கழிவைத் தெரு வடிகாலில் விடக் கூடாது, அது மழைநீருக்கு மட்டும் என்று விதி. பிறகு அனுமதித்தார்கள். எல்லாம் தேம்ஸில் போய்ச் சேர்ந்து, 1858 கோடையில் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாத அளவுக்கு நாறியது. பேசல்கெட் என்ற பொறியாளர் பெரிய சுரங்கச் சாக்கடைகளைக் கட்டி ஊரைக் காப்பாற்றினார். ஆனால் மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் என்ற ஏற்பாடு அப்படியே நின்றது. அதன் விளைவைச் சமாளிக்க இந்த நூற்றாண்டில் இன்னொரு சுரங்கம் தோண்டினார்கள். சென்னையில் நல்ல வேளையாக இரண்டும் வேறு வேறு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் மழையைத் தாங்கும் அளவில் போடப்படவில்லை. மழை ராத்திரியில் நம்மில் சிலர் சேம்பர் மூடியைத் தூக்கி முற்றத்துத் தண்ணீரைத் தள்ளிவிடுகிறோம். பெயர் சொல்லவில்லை, என் வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. அதே ராத்திரி யாரோ ஒருவர் வீட்டுக் கழிவறையில் அது மேலே வருகிறது. சட்டப்படியும் தவறு.

இரண்டாவது, பின்பக்க மதிலில் ஓட்டை போட்டுச் சந்தில் விடுவது. செலவே இல்லை, இயற்கை வாட்டமும் அந்தப் பக்கம்தான் என்று சொல்கிறார்கள். ஒருவர் சட்டமும் சொன்னார். 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், ஆரம்பத்திலேயே சென்னை மாகாணத்தில் அமலுக்கு வந்தது. மேட்டு நிலத்தில் விழுந்து, குறிப்பிட்ட கால்வாய் எதிலும் ஓடாத தண்ணீர், பக்கத்துத் தாழ்ந்த நிலத்துக்கு இயல்பாக ஓடுவதைத் தாழ்ந்த நிலத்துக்காரர் அனுமதிக்க வேண்டும் என்பது அதில் ஓர் உதாரணமாகவே இருக்கிறது. நண்பர் சொன்னது சரி. ஆனால் அதில் 'இயல்பாக' என்ற சொல் இருக்கிறது. 12 கிரவுண்டுக்குச் சிமென்ட் போட்டு, மொட்டை மாடித் தண்ணீரையும் சேர்த்து, ஆறு அங்குலக் குழாயில் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது இயல்பா? ரோமானியர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே, ஏறத்தாழ 2,450 வருஷத்துக்கு முன்பே, பக்கத்து நிலத்துக்காரன் செய்த வேலையால் மழைநீர் தன் மேல் வந்தால் வழக்குப் போட இடம் இருந்தது. சட்டத்தை விடுங்கள். அந்தச் சந்தில் ஒன்பது வீடுகள். அவற்றில் மூன்றில், நம் வளாகத்தில் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். 2015-ல் அவர்கள் மூவரும் குழந்தைகளோடு நம் மொட்டை மாடியில்தான் தங்கினார்கள். அவர்களிடம் யாராவது கேட்டோமா?

மூன்றாவது, தெரு வடிகால். இதுதான் முறையான வழி, ஆனால் மட்டம் இடிக்கிறது. மேஸ்திரியின் பென்சில் கோட்டின்படி, 2015-க்குப் பிறகு கட்டிய புது வடிகாலின் அடித்தளம் நம் முற்றத்தின் பள்ளமான இடத்தைவிட 4 அங்குலம்தான் கீழே இருக்கிறது. முற்றத்தின் மூலையிலிருந்து தெருவுக்கு 120 அடி. நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் 14 அங்குலம் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். 10 அங்குலம் பற்றாக்குறை. கேட் அருகே ஒரு சேகரிப்புத் தொட்டி கட்டி, அதற்கு மண் தங்கும் ஒரு சிறு சேம்பர், வாயில் கம்பி வலை, தெருப்பக்கம் போகும் குழாயில் ஃபிளாப் வால்வ், தொட்டியில் தானாக ஓடி நிற்கும் ஒரு பம்ப், ஜெனரேட்டரிலிருந்து அதற்கு லைன். வடிகாலில் இணைக்க மாநகராட்சி அனுமதி. மொத்தம் ரூ. 2,90,000 என்று மதிப்பீடு. 48 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு ரூ. 6,042. தெரு வடிகாலே நிரம்பி வழிந்தால் இதுவும் நிற்கும், மறைக்கவில்லை. அப்போதும் தெருத் தண்ணீர் குழாய் வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே வராது. வால்வையும் வலையையும் வருஷத்துக்கு இரண்டு முறை, புரட்டாசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை, ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு பாலிதீன் பை தட்டில் சிக்கினால் அது மூடாது. அந்த இரண்டு தேதிகளையும் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மதிப்பீட்டின் நகல் அலுவலகத்தில் இருக்கிறது. ஏழு வரிகள். பொதுக்குழுவுக்கு முன் வந்து படியுங்கள். எந்த வரியையாவது அடிக்க வேண்டும் என்று தோன்றினால் என்னிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஓர் உதவி வேண்டும். 2015-ல் தண்ணீர் நின்ற உயரத்தைப் பம்ப் அறைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தேன். 2018-ல் பெயின்ட் அடித்தபோது அது மறைந்துவிட்டது. தொட்டியின் மேல்மட்டத்தையும் பம்பின் சுவிட்ச் உயரத்தையும் முடிவு செய்ய மேஸ்திரிக்கு அந்த அளவு தேவை. அந்த வாரம் யாராவது பம்ப் அறை தெரியும்படி போட்டோ எடுத்திருந்தால், பழைய போனில் தேடிப் பார்த்து, சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். சுவிட்ச் பாக்ஸ் படத்தில் தெரிந்தால் போதும், அதை வைத்து அளந்துகொள்வோம்.